கண்ட பானமும் குடித்த கலரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'பால்யத்தின் பானங்கள்' என்று எனக்குத் தலைப்பு வழங்கியிருக்கிறார்கள். அந்தப் பானங்களுக்குத் தொலைக்காட்சியில் வந்த பொம்மைப்பட விளம்பரங்களையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பது அமைப்பாளரின் விருப்பம். சற்றுச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள் இருப்பீர்கள். சிரிக்கவும் இதில் இடமுண்டு. ஆனால் இந்தத் தலைப்பை நான் மறுக்காமல் ஏற்றுக்கொண்டதற்கு வேறொரு காரணம் இருக்கிறது.

நம் மாதக் கூட்டங்களில் வாசிக்கப்பட்ட கவிதைகளில் பால்யத்தைப் பாடியவை ஏராளம். அவற்றில் ரஸ்னா வருகிறது. கோல்ட் ஸ்பாட் வருகிறது. ஹார்லிக்ஸ் மாவை அள்ளி அப்படியே தின்ற விளம்பரச் சிறுவன் வருகிறான். கேட்கும்போது நமக்கும் தித்திக்கிறது, கைதட்டுகிறோம். வீடு திரும்பும் வழியில்தான் ஓர் ஐயம் எழுகிறது. எண்பதுகளில் குளத்தூரில் வளர்ந்த ஒரு பிள்ளை உண்மையில் என்ன குடித்தது? அக்கவிதைகளில் அதற்கு விடை இல்லை. கண்டதை எழுதியிருக்கிறோம், குடித்ததை எழுதவில்லை. நம் நாக்கின் நினைவு இருக்கவேண்டிய இடத்தில் நம் கண்ணின் நினைவு வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

குடித்ததிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊர்களில் அதற்குப் பெயர் 'கலர்'. நிறம் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து ஒரு பானத்துக்குப் பெயராக்கிவிட்ட நம்மவர் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். வெறும் சோடாவுக்கு நிறமில்லை. அதில் சர்க்கரையும் சாயமும் மணமும் சேர்ந்தால் அது கலர். ஆரஞ்சு, திராட்சை, பன்னீர், ஜிஞ்சர் எனப் பல வகை. கடைக்காரரிடம் 'ஒரு கலர் உடைங்க' என்பார்கள். திறப்பதற்கு 'உடைப்பது' என்ற வினை வந்தது கோலி சோடாவினால் என்று கருதுகிறேன். கழுத்தில் அடைத்துக்கொண்டிருக்கும் கோலியைக் கட்டைவிரலாலோ மரக்கட்டையாலோ ஒரே அழுத்தில் உள்ளே தள்ளும்போது எழும் ஓசைக்கு அந்த வினைதான் பொருத்தம். அந்தப் புட்டியை இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்று அறிமுகம் செய்தார். பிறந்த நாட்டில் அது அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. நம் பெட்டிக்கடைகளில் நூறாண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்தியது. இன்றும் முற்றாக மறையவில்லை.

கலர் பிள்ளைகளுக்கான பானம் அன்று. இதை நாம் மறந்துவிடுகிறோம். அது விருந்தாளிக்கு உரியது. பெண் பார்க்க வந்தவர்கள், திருச்சியிலிருந்து வந்திறங்கிய சித்தப்பா, வீடு தேடி வந்த வாத்தியார், இப்படி யாராவது திண்ணையில் உட்கார்ந்தவுடன் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்: 'தம்பி, ஓடிப்போயி ரெண்டு கலர் வாங்கிட்டு வா.' பையன் ஓடுவான். நுரை பொங்காமல் கொண்டுவரவேண்டிய பொறுப்பு அவனுடையது. காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொறுப்பும் அவனுடையதே. விருந்தாளி நாகரிகம் கருதி அடியில் இரண்டு மிடறு மிச்சம் வைப்பார். அந்த மிச்சந்தான் பிள்ளையின் பங்கு. கடைக்குத் திரும்பும் வழியில், வேலி மறைவில், அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்ளும் அந்த இரண்டு மிடற்றில் கேஸ் போயிருக்கும், சூடேறியிருக்கும். தித்திப்பு மட்டும் எஞ்சியிருக்கும். நம் தலைமுறையின் பானம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், பிறருக்காக வாங்கியதில் எஞ்சிய அதைத்தான் சொல்வேன். அதைப் பற்றி ஒரு கவிதையாவது நம் கூட்டத்தில் வந்ததுண்டா?

மற்றவை பருவத்தோடு வந்தவை. நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாக் காலத்தில், பங்குனி வெயிலில் நடந்து போகிறவர்களுக்குப் பந்தல்களில் கிடைக்கும் நீர்மோரும் பானகமும். கோடையில் நுங்கும் பதநீரும். கடைத்தெருவில் நன்னாரி சர்பத். இவற்றுக்கு விளம்பரம் கிடையாது. உள்ளூர்ச் சோடாக் கம்பெனிகளுக்கும் சுவரெழுத்தும் தகரப் பலகையுமே விளம்பரம். 1916இல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க், 1958இல் பொவண்டோவைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக் கலர்களில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கப்பட்ட ஒன்று அது. அதுவும் பெயராகத்தான் பரவியதே ஒழிய, படமாக நம் மனத்தில் பதியவில்லை.

படம் வேறு வழியாக வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது 1976 ஜனவரி 1இல். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. இவையெல்லாம் பட்டணத்துத் தேதிகள். நம் பக்கத்துக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் கறுப்பு வெள்ளைப் பெட்டியாகத்தான் வந்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னோ, வசதியுள்ள ஒரு வீட்டின் கூடத்திலோ, திரைக்கு முன்னே நீலத் தாள் மாட்டிய ஒரு பெட்டி. அதன் எதிரே ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் தரையில்.

இங்கே சற்று நிறுத்தி ஒன்றை எண்ணிப் பாருங்கள். ரஸ்னாவின் பெருமையே அதன் நிறம். ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடித் தம்ளர்கள் வரிசையாக நிரம்புவதுதான் அந்த விளம்பரத்தின் காட்சி. நம் ஊரில் அது சாம்பல் நிறமாகத்தான் ஊற்றப்பட்டது. திரையில் நிறமில்லாத பானம். கையில் 'கலர்' என்றே பெயர் பெற்ற பானம். ஆயினும் முப்பது ஆண்டுகள் கழித்து நம் கவிஞர் எழுதும்போது திரையிலிருந்த சாம்பல், ஆரஞ்சாகிவிடுகிறது. கையிலிருந்த கலர் நிறமிழந்துவிடுகிறது. நினைவு செய்யும் மாயம் இது. தவறென்று சொல்லவில்லை. மாயம் நடந்தது கவிஞருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்கிறேன்.

ரஸ்னாவின் கணக்கையும் பார்த்துவிடலாம். அகமதாபாத்தைச் சேர்ந்த அரீஸ் கம்பாட்டாவின் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. அவர் 2022 நவம்பரில் மறைந்தபோது நாளிதழ்கள் எல்லாம் அந்தப் பழைய விளம்பரத்தையே நினைவுகூர்ந்தன. ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் முப்பத்திரண்டு தம்ளர் என்பது அன்றைய அழைப்பு. முடிவில் ஒரு சிறுமி 'ஐ லவ் யூ ரஸ்னா' என்பாள். ஒரு பொடிப் பொட்டலமும் ஒரு சிறு குப்பியும் அட்டைப் பெட்டிக்குள் இருக்கும். புட்டிப் பானம் வாங்க முடியாத நடுத்தரக் குடும்பத்துக்கு அது உண்மையிலேயே மலிவுதான். ஆனால் அந்த ஐந்து ரூபாயில் சர்க்கரை அடங்காது. அதை நாம் சேர்க்கவேண்டும். சர்க்கரை அன்று ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்கு அளந்து தரப்பட்டது. மாதம் முழுதும் காப்பிக்கும் தேநீருக்கும் எண்ணி எண்ணிப் போடப்படுவது. முப்பத்திரண்டு தம்ளருக்கான சர்க்கரையை ஒரே பாத்திரத்தில் கொட்டக் குளத்தூரில் எந்தத் தாய்க்கு மனம் வரும்? பிறகு, குளிர்சாதனப் பெட்டி. அதிலிருந்து எடுத்துப் போடும் பனிக்கட்டி. நம்மிடம் இருந்தது மண்பானை. ஆகவே அந்த அழைப்பு நம்மை நோக்கியதன்று. நாம் அதை ஒட்டுக்கேட்டவர்கள்.

மொழியும் அப்படியே. விளம்பரங்களில் பாதி இந்தியில் வந்தன. 1987 ஜனவரி தொடங்கி 1988 ஜூலை வரை ஞாயிறு காலைகளில் ராமாயணம் ஒளிபரப்பானபோது, அதற்கு முன்னே வரிசையாக வந்த விளம்பரப் பாடல்களைப் பொருள் தெரியாமலே நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். 1965இல் இந்தியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மாணவர்களுள் சிலர் அப்போது அப்பாக்களாகியிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை குளிக்கும்போது இந்தியில் சோப்புத்தூள் பாட்டுப் பாடியது. பள்ளிக்கூடத்தால் ஆகாததை முப்பது நொடி மெட்டு செய்துவிட்டது. தமிழில் வந்த விளம்பரங்களோ பம்பாய்க் குழந்தையின் வாயசைவுக்கு ஏற்ப நறுக்கப்பட்ட தமிழ். அதில் அம்மா என்ற சொல் இருக்கும், ஆத்தா இருக்கமாட்டாள்.

நம்மைவிட முன்பே இந்த வழியில் நடந்தவர்கள் அமெரிக்கர்கள். நெப்ராஸ்கா மாநிலத்துச் சிறுநகரான ஹேஸ்டிங்ஸில் எட்வின் பெர்கின்ஸ் என்பவர் 1927இல் 'கூல் எய்ட்' என்ற பானப் பொடியை உருவாக்கினார். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் பொட்டலத்தின் விலையைப் பாதியாக்கி ஐந்து சென்ட்டுக்கு விற்றார். ஐந்து ரூபாய் ரஸ்னாவுக்கு அது ஒரு மூதாதை. 1964இல் அதற்குப் போட்டியாகப் பில்ஸ்பரி நிறுவனம் 'ஃபன்னி ஃபேஸ்' என்ற பொடியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பழச் சுவைக்கும் கண்ணும் மூக்கும் வைத்த ஒரு பொம்மை முகம். அவற்றுள் இரண்டு, செவ்விந்தியரையும் சீனரையும் கேலி செய்யும் பெயரும் தோற்றமும் கொண்டவை. எதிர்ப்பு எழவே அவற்றை மாற்றினார்கள். அதில் இனிப்புக்காகச் சேர்த்திருந்த சைக்ளமேட் என்ற வேதிப்பொருள் 1969இல் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் அந்த முகங்கள் பதித்த பழைய கோப்பைகளைத் தேடிச் சேகரிக்கும் முதியவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் குடித்ததற்கு ஏங்குகிறார்கள். நாமோ குடிக்காததற்கு ஏங்குகிறோம். இரண்டும் ஒரே ஏக்கம் என்று நினைத்து எழுதும்போதுதான் நம் கவிதை மொழிபெயர்ப்புக் கவிதையாகிறது.

இவ்வளவு சொன்னதனால், விளம்பரம் நம்மை ஏமாற்றியது, நாம் ஏமாந்தோம் என்ற பழைய பல்லவியைப் பாட வந்திருக்கிறேன் என்று எண்ணவேண்டாம். பிள்ளைகள் அவ்வளவு எளிதில் ஏமாறுகிறவர்கள் அல்லர். பானம் கிடைக்காவிட்டாலும் பொம்மை கிடைத்தது, பொம்மைக்குக் காசில்லை. எண்பதுகளில் கோல்ட் ஸ்பாட் மூடிகளின் உட்புறத்தில் 'ஜங்கிள் புக்' கதாபாத்திரங்களின் படங்கள் வந்தன. குடித்தவர் யாரோ, மூடி விழுந்தது கடைப் பலகையின் அடியில். அதைக் குனிந்து பொறுக்கியவன் குடிக்காதவன். படம் இருந்தால் சேகரிப்பான். இல்லாவிட்டால் கல்லால் தட்டித் தட்டையாக்கி, நடுவில் இரண்டு துளையிட்டு, நூல் கோத்து, இரு கையாலும் இழுத்து 'கிர்ர்' என்று சுழலவிடுவான். நிறுவனம் எதிர்பார்த்த பயன் அதுவன்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செவன் அப் பானத்தோடு ஃபைடோ டைடோ வந்தான். நியூயார்க்கில் 1985இல் சூ ரோஸ் என்னும் ஓவியர், உணவு விடுதிக் கைத்துடைப்புத் தாளில் கிறுக்கியதாகச் சொல்லப்படும் உருவம் அது. ஒல்லி உடம்பு, சிலிர்த்து நிற்கும் சில மயிர்கள், தளர்ந்த சட்டை. பத்துக் கோடுகளில் அவனை வரைந்துவிடலாம் என்பதுதான் அவன் சிறப்பு. செவன் அப்பை ஒருமுறையும் வாயில் வைக்காத பையன்கள் அவனை நோட்டு அட்டையில் வரைந்தார்கள். அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. நீண்ட பிளாஸ்டிக் உறையில் சாய நீரும் சர்க்கரையும் ஊற்றி உறையவைத்து, பள்ளிக்கூட வாசலில் சில்லறைக் காசுக்கு விற்றார்களே, அதற்கு நம் பிள்ளைகள் வைத்த பெயர் என்ன? 'பெப்சி.' பன்னாட்டு நிறுவனம் கோடிக்கணக்கில் செலவு செய்து உருவாக்கிய பெயரைக் குச்சி ஐஸ் வியாபாரி ஒரு காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் 'பெப்சி' என்றால் பல பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த உறைதான். ரஸ்னாவை விளம்பரம் நமக்குள் செலுத்தியது. பெப்சியை நாம் அதனிடமிருந்து பறித்தோம். இந்த இரண்டாவது செய்தியில் இருக்கும் குறும்பு கவிஞருக்குப் பிடிக்கவேண்டியது.

வேடிக்கை என்னவென்றால், நாம் பொற்காலம் என்று பாடுகிற ஆண்டுகள் மிகக் குறுகியவை. அன்னியச் செலாவணிச் சட்டப்படி பங்குகளைக் குறைக்க மறுத்துக் கோகோ கோலா 1977இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1993இல் திரும்பி வந்தது. வந்தவுடன் பார்லே நிறுவனத்திடமிருந்து கோல்ட் ஸ்பாட், தம்ஸ் அப், லிம்கா முதலியவற்றை வாங்கியது. தம்ஸ் அப் பிழைத்தது. கோல்ட் ஸ்பாட்டைக் கடைகளிலிருந்து அகற்றி அந்த இடத்தில் ஃபேன்டாவை வைத்தார்கள். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் வணிகர் அமைப்புகள் மார்ச் முதல் பன்னாட்டுப் பானங்களை விற்கமாட்டோம் என்றபோது, பொவண்டோவை நாம் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் கொண்டாடினோம். அது எங்கும் போயிருக்கவில்லை. நம் கண்தான் போயிருந்தது.

ஹார்லிக்ஸுக்கு வருகிறேன். அதைத் தனியே பேசவேண்டும். ஏனெனில் அது நம் வீட்டுக்குள் நுழைந்தது விளம்பரத்தின் வழியாக அன்று, காய்ச்சலின் வழியாக. மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது ரொட்டி, சாத்துக்குடியோடு ஒரு ஹார்லிக்ஸ் புட்டி என்பது தமிழ்நாட்டில் எழுதப்படாத சட்டம். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் புட்டி இறங்கும். காய்ச்சல் விட்டால் மேலே ஏறிவிடும். தீர்ந்த பிறகு அந்தக் கண்ணாடிப் புட்டி கடுகும் ஊறுகாயும் சுமந்து இன்னும் பல ஆண்டுகள் அடுக்களையில் வாழும். விளம்பரச் சிறுவன் உடல் நலத்தோடு மாவை அள்ளித் தின்றான். நம் பிள்ளை அதைத் தின்ன வேண்டுமானால் நோயில் படுக்கவேண்டும். ஒரு தம்ளர் பானத்துக்காகக் காய்ச்சலை விரும்பிய பிள்ளைகளை நான் அறிவேன். இந்த அரங்கிலும் சிலர் இருக்கிறீர்கள், சிரிப்பிலிருந்து தெரிகிறது.

இந்தப் பொடிகள் எல்லாம் 'சத்து' என்ற சொல்லைக் கைப்பற்றிக்கொண்டன. கம்பிலும் கேழ்வரகிலும் முருங்கைக் கீரையிலும் இருந்த சொல் அது. நம் அப்பத்தாக்கள் 'தெம்பு' என்றார்கள். கூழ் குடித்தால் தெம்பு. விளம்பரம் வந்த பிறகு கூழுக்குத் தெம்பும் புட்டிக்குச் சத்தும் என்று பாகப்பிரிவினை ஆயிற்று. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா போன்றவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது அதற்கான காரணம். அதே மாதம் ஹார்லிக்ஸை விற்கும் நிறுவனமும் தன் பானங்களின் வகைப்பெயரை மாற்றிக்கொண்டது. ஐம்பது ஆண்டுகள் வீடுதோறும் வழங்கிய ஒரு சொல்லுக்குச் சட்டத்தில் பொருளே இல்லை என்றானது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட நாம் கவனித்திருக்கவேண்டிய செய்தி. கவனித்தது வணிக நிருபர்கள்தான்.

இன்னொன்று. சொல்லத் தயக்கமாயிருந்தாலும், புதுக்கோட்டை மாவட்டத்தில் நின்றுகொண்டு பிள்ளைகளின் பானத்தைப் பற்றிப் பேசிவிட்டு அதைச் சொல்லாமல் இறங்கக்கூடாது. 2022 டிசம்பர் இறுதியில், நம் மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியலினக் குடியிருப்பின் பிள்ளைகள் நோயுற்ற பிறகே, அவர்களுடைய குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதை விசாரிக்கச் சென்ற அன்றைய மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு, இறையூரில் ஒரு தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருப்பதைக் கண்டார், வழக்குப் பதிவாயிற்று. நடந்தது 2022இல், பழைய காலத்தில் அன்று.

விளம்பரத்தின் முப்பத்திரண்டு தம்ளர்களும் ஒரே மாதிரியானவை. அதை மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். தரையில் உட்கார்ந்து அந்தச் சாம்பல் திரையைப் பார்த்த பிள்ளைகளில், கடையில் தனிக் குவளையில் குடிக்கும் தகப்பனின் பிள்ளையும் இருந்திருப்பான். வசதியுள்ள வீட்டுக் கூடத்தில் அவனுக்கு இடமில்லாமல் சன்னல் கம்பி வழியாகப் பார்த்திருப்பான். அவனுக்கு அந்த வரிசைத் தம்ளர்கள் என்னவாகத் தெரிந்தன? ஆரஞ்சுச் சுவையைவிட, யார் எந்தத் தம்ளரை எடுத்தாலும் ஒன்றுதான் என்பதே அவனை ஈர்த்திருக்கக்கூடும். விளம்பரம் எழுதியவருக்கு அப்படியொரு எண்ணமே இருந்திராது. அந்தப் பிள்ளையின் ரஸ்னாக் கவிதை வருமானால், நான் இதுவரை சொன்ன ஐயங்கள் எல்லாவற்றையும் அது கடந்துவிடும். குடிக்காததற்கு ஏங்கும் உரிமை முழுமையாக உள்ளவன் அவன்தான்.

அமைப்பாளர் மணியைப் பார்க்கிறார். அடுத்த மாத அமர்வுக்கான தலைப்பை என்னிடம் கேட்டிருந்தார்கள். 'இரண்டு மிடறு' என்று கொடுத்திருக்கிறேன். காலிப் புட்டியோடு கடைக்குத் திரும்பியவர்கள், காய்ச்சலுக்காகக் காத்திருந்தவர்கள், சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் அனைவரும் எழுதி வாருங்கள். பங்குனி வெயில் தொடங்கிவிடும் என்பதால், வருகிறவர்களுக்குப் பானகத்துக்கு ஏற்பாடு செய்வதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தம்ளர்களை நான் கொண்டுவருகிறேன்.